ஹைதராபாத் மாநாட்டில் கிடைக்கும் அரை நாள்: கோல்கொண்டாவா, சார்மினாரா?

ஹைதராபாத்தில் மாநாடு என்றால் பெரும்பாலும் மாதாப்பூர் பக்கம்தான். 2006-இல் திறந்த ஹெச்ஐசிசி என்ற மாநாட்டு மையம், அதை ஒட்டினாற்போல் நோவோடெல் ஹோட்டல், நாலு எட்டில் ஹைடெக்ஸ் கண்காட்சி மைதானம். பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனால் வெளியே இருப்பது ஹைதராபாத்தா, குருகிராமா என்றே தெரியாது. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். நானூறு வருஷத்து ஊர் அங்கிருந்து தெற்கேயும் தென்கிழக்கேயும் தள்ளி இருக்கிறது.

வெளியூரிலிருந்து வருகிறவருக்கு மொத்தமாகக் கிடைப்பது ஒரு மதியமும் ஓரிரு மாலைகளும்தான். இதற்குள் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்புவது வீண். ஏற்பாட்டாளர்கள் கடைசி நாளில் விடும் சுற்றுலா பஸ்ஸில் சார்மினார், மியூசியம், கோட்டை, பிர்லா மந்திர் எல்லாம் பட்டியலில் இருக்கும். ஆனால் அன்றைக்கு நீங்கள் அதிகம் பார்ப்பது முன் சீட்டின் முதுகை. அதனால் கேள்வியைச் சுருக்கிக்கொள்வோம்: கோட்டைப் பக்கம் போவதா, பழைய ஊருக்குப் போவதா?

தூரமும் கிழமையும்

ஹெச்ஐசிசியிலிருந்து கோல்கொண்டா சுமார் 15 கிலோமீட்டர். சார்மினார் 20 கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் சார்மினாருக்குப் போகிற வழி ஊரின் நெரிசலான பாதியைக் கடந்து போகிறது. மதியம் கேப் எடுத்தால் கோட்டைக்கு முக்கால் மணியில் போய்விடலாம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சார்மினாருக்குக் கேப் எடுத்தால் எப்போது போய்ச் சேருவோம் என்று டிரைவரே சொல்லமாட்டார்.

சார்மினார் பக்கத்துக்கு மெட்ரோ கைகொடுக்கும். ராய்துர்க்கிலோ ஹைடெக் சிட்டியிலோ நீலத் தடத்தில் ஏறி, அமீர்பேட்டில் சிவப்புத் தடத்துக்கு மாறி, எம்ஜிபிஎஸ் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். கோல்கொண்டாவுக்கு மெட்ரோ கிடையாது, கேப்தான்.

இதைவிட முக்கியம் கிழமை. மாநாடுகள் பெரும்பாலும் வெள்ளியிலோ சனியிலோ முடியும். கடைசி நாள் மதியமே கூட்டம் கலைந்துவிடும். சாலார் ஜங் மியூசியத்துக்கும் சௌமஹல்லா அரண்மனைக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மக்கா மசூதியில் அன்று ஜும்ஆ தொழுகைக் கூட்டம். ஆக, வெள்ளி மதியம் பழைய ஊருக்குப் போகிறவருக்கு மிஞ்சுவது சார்மினாரும் கடைவீதியும்தான். கோட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை, வெள்ளியன்றும் திறந்திருக்கும். என் தீர்ப்பில் பாதி இந்தக் காலண்டரிலேயே முடிந்துவிட்டது.

கோல்கொண்டா பக்கம்

காகதியர் காலத்து மண் கோட்டையாக இருந்ததைக் குதுப் ஷாஹி சுல்தான்கள் 1518-க்குப் பிறகு கருங்கல் கோட்டையாக வளர்த்தார்கள். 1687-இல் ஔரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டும் முடியாமல், கடைசியில் உள்ளேயிருந்த ஒருவரே கதவைத் திறந்துவிட்டதால்தான் பிடித்தார். கோஹினூரும் ஹோப் வைரமும் இந்த ஊர்ப் பேரோடு ஒட்டிக்கொண்டவை. வைரம் இங்கே வெட்டியெடுக்கப்படவில்லை. கொல்லூர் போன்ற கிருஷ்ணைக் கரைச் சுரங்கங்களில் எடுத்ததைப் பட்டை தீட்டி விற்ற சந்தைதான் கோல்கொண்டா.

பாலா ஹிஸார் வாசலுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே ஒரு குவிமாடம். அதன் நட்ட நடுவில் நின்று கைடு ஒரு தடவை கை தட்டுவார். மலை உச்சி மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அது கேட்கும். இரண்டடி தள்ளி நின்று தட்டினால் சத்தம் அங்கேயே செத்துப்போகும். மேலே ஒரு நண்பரை முதலில் அனுப்பிவிட்டுத் தட்டினால்தான் இது விளங்கும். கூட்டத்தோடு நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுவதில் ஒன்றுமே புரியாது. பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

மேலே ஏற 360 படி சொச்சம். மாநாட்டுக்குப் போட்டுவந்த தோல் அடிப்பாக ஷூவோடு ஏறாதீர்கள். பல தலைமுறை தேய்த்த கருங்கல் படி வழுக்கும். வழியில் இருக்கிறது ராமதாசர் சிறை. வரிப்பணத்தை எடுத்துப் பத்ராசலம் கோவிலைக் கட்டிய தாசில்தார் கஞ்சர்ல கோபன்னாதான் இந்த ராமதாசர். அவரை, சுல்தான் அபுல் ஹசன் தானாஷா காலத்தில் பன்னிரண்டு வருஷம் இங்கே அடைத்துவைத்தார்கள் என்பது கதை. இருட்டறை; மேலே ஒரு திறப்பு வழியாக மட்டும் வெளிச்சம். சுவரில் ராமர், அனுமன் உருவங்கள் செதுக்கியிருக்கிறது. ராமரும் லட்சுமணருமே வந்து கடனைக் கட்டி மீட்டார்கள் என்பார்கள். நம் திருவையாற்றுத் தியாகராஜர் தன் கீர்த்தனை ஒன்றில் இந்த விடுதலையைச் சொல்லித்தான் ராமரிடம் தனக்கும் முறையிடுகிறார். கச்சேரி கேட்டு வளர்ந்த ஒருவர் அந்த அறையில் சும்மா நின்றுவிட்டு வர முடியாது.

உச்சியில் பாராதரி மண்டபம், பாறைகளை ஒட்டி மகாகாளி கோவில். ஆஷாட மாதத்துப் போனாலுத் திருவிழா ஊர் முழுக்கத் தொடங்குவதே இந்தக் கோட்டையிலிருந்துதான். நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்: மாலையில் சீக்கிரமே வாசலைச் சாத்திவிடுவார்கள், அதனால் மூன்று மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடக்கும் ஒலி-ஒளிக் காட்சிக்கு டிக்கெட் தனி. எந்த நாளில் எந்த மொழி என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கோட்டையிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுமாரில் குதுப் ஷாஹி சமாதிகள். பலர் இதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கோ இரண்டில் ஒன்றுதான் என்றால் இதுதான். 2013-லிருந்து ஆகா கான் அறக்கட்டளை கல் கல்லாகச் சீர்செய்த இடம். மேலே பூசியிருந்த சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். இடிந்து கிடந்த படிக்கிணற்றைத் தூக்கி நிறுத்தினார்கள். சார்மினாரைக் கட்டிய முகமது குலியின் சமாதி இங்கேதான். கடைசி சுல்தான் தானாஷா மட்டும் இங்கே இல்லை. தௌலதாபாத்தில் கைதியாகவே இறந்தார். படி ஏற முடியாத மூட்டுவலிக்காரர்கள் கோட்டையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நேரே இங்கே வந்துவிடலாம்.

சார்மினார் பக்கம்

1591-இல் எழுந்த சார்மினாரை நேரில் பார்க்கும்போது ‘இவ்வளவுதானா’ என்று தோன்றினால் ஆச்சரியமில்லை. படங்களில் பார்த்துப் பார்த்துக் கண் பழகியிருக்கும். டிக்கெட் எடுத்து மேலே ஏறினால் முதல் மாடி வரைதான் விடுவார்கள். அங்கிருந்து நாலு திசையிலும் கடைவீதி பிரிவதைப் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காக மதியம் முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. இதைக் கட்டடம் பார்க்கும் இடமாக நினைக்காமல், விளக்கு போட்ட பிறகு நடந்து, தின்று, வாங்கித் திரும்பும் இடமாக நினைத்தால் கணக்குச் சரியாக வரும். ஆகவே இதற்கு மாலைதான்.

லாட் பஜார் வளையல் கடைகளில் விற்பனைக் கூடத்தை விட்டு உள்சந்துக்குள் எட்டிப் பாருங்கள். கரி அடுப்பில் அரக்கைச் சூடுகாட்டி இளக்கி, இரும்புத் தகட்டில் உருட்டிக் கயிறாக்கி, வட்டமாக வளைத்து, சூடு ஆறுவதற்குள் கண்ணாடிக் கல்லை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் எடுத்து அழுத்துவார்கள். ஒரு கல் கோணினால் மறுபடி அடுப்பில் காட்ட வேண்டும். ஹைதராபாத் அரக்கு வளையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே கடைகளில் பிளாஸ்டிக் அச்சு வளையலும் இதே பேரில் தொங்கும். விலை சொன்னதும் பாதியில் ஆரம்பித்துப் பேசுங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். பத்தர்கட்டி முத்துக்கடைகளில் மட்டும் ஆட்டோக்காரர் காட்டுகிற கடைக்குப் போகாதீர்கள்.

சார்மினாருக்குப் பக்கத்திலேயே நிம்ரா டீக்கடை. நின்றுகொண்டே குடிக்கும் இரானி சாய். டிகாஷன் ஒரு பாத்திரத்தில் மூடியபடி கொதிக்க, பால் தனியே சுண்டிக்கொண்டிருக்கும். கேட்டதும் இரண்டையும் கலந்து தருவார்கள். ஃபில்டர் காபி நாக்குக்கு இது தித்திப்பு கூடுதல், ஆனால் உஸ்மானியா பிஸ்கட்டின் லேசான உப்பு அதைச் சமன் செய்துவிடுகிறது. வீட்டுக்கு வாங்கிப்போக அலுவலகக் கூட்டாளிகள் ஃப்ரூட் பிஸ்கட்டைச் சொல்வார்கள். அது விமான நிலையத்திலும் கிடைக்கும். சூடாக எடுத்த உஸ்மானியா அங்கே கிடைக்காது.

பிரியாணிக்கு மதீனா சந்திப்புப் பக்கம் ஷாதாப் ஹோட்டல். மாநாட்டு பஃபேயில் வைத்த பிரியாணியைத் தின்றுவிட்டு ஹைதராபாத் பிரியாணி இவ்வளவுதான் என்று ஊரில் போய்ச் சொல்வது நியாயமில்லை. ஆம்பூர், திண்டுக்கல் சீரகச் சம்பாவுக்குப் பழகியவர்களுக்கு முதல் கவளத்தில் மசாலா குறைவாகப் படும். இங்கே பச்சைக் கறியை மசாலாவில் ஊறவைத்து, அரைவேக்காட்டு பாஸ்மதியை மேலே போட்டுத் தம் கட்டுகிறார்கள். ருசி கறியோடு அடியில் தங்குவதால், தட்டில் மேலாக எடுத்துக்கொள்ளாமல் கரண்டியை ஆழமாக விடச் சொல்ல வேண்டும். கத்தரிக்காய்க்குப் பதில் மிர்ச்சி கா சாலன் என்ற மிளகாய்க் குழம்பு. கோதுமையும் கறியும் சேர்த்துக் கடைந்த ஹலீமை ரம்ஜான் மாதத்தில் வந்தால் மட்டும் தேடுங்கள்.

வெள்ளி அல்லாத நாளில் காலை முழுவதும் கையில் இருந்தால் சாலார் ஜங் மியூசியம் கோட்டைக்குச் சமமான போட்டி. மூன்றாம் சாலார் ஜங் என்ற தனிமனிதர் உலகம் பூராவிலுமிருந்து சேர்த்தவற்றைப் பெரும்பாலும் வைத்து 1951-இல் திறந்தது. கூட்டம் கூடுவது இரண்டிடத்தில்: இத்தாலியச் சிற்பி பென்சோனி 1876-இல் செதுக்கிய முக்காட்டு ரெபெக்கா சிலை, ஒவ்வொரு மணிக்கும் ஒரு சின்ன உருவம் வெளியே வந்து மணியடிக்கும் குக் அண்ட் கெல்வி கடிகாரம். பன்னிரண்டு மணியடிப்பதைப் பார்க்க பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கூடங்களில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் பாதியிலேயே கால் மறுத்துவிடும்.

மீதி இருப்பவை

ராமோஜி ஃபிலிம் சிட்டியை மாநாட்டுப் பயணத்தில் சேர்க்காதீர்கள். ஊரின் மறுகோடி, மாதாப்பூரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல், உள்ளேயும் ஒரு நாள் முழுக்க வேண்டும். குடும்பத்தோடு வந்து, அவர்களை அங்கே அனுப்பிவிட்டு நீங்கள் செஷனில் உட்காருவதென்றால் சரி. பேட்ஜைக் கழற்றாமல் போய்வரக்கூடியது ஷில்பாராமம்தான்; ஹைடெக் சிட்டி மெட்ரோவுக்குப் பக்கத்தில், கைவினைக் கடைகளுக்காக ஒரு மணி நேரம். துர்கம் செருவு ஏரிமேல் உள்ள கேபிள் பாலம் படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

விமானம் மாலையில் என்றால் முச்சிந்தலில் 2022-இல் திறந்த 216 அடி ராமானுஜர் சிலையைப் பார்க்கலாம். ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கு அருகில் என்பதால் தனியாக ஊருக்குள் அலைய வேண்டாம். வெளிவட்டச் சாலையில் நேரே வந்துவிடலாம். சுற்றிலும் 108 திவ்ய தேசங்களின் மாதிரிகள். ஸ்ரீரங்கத்தையும் காஞ்சியையும் நேரில் பார்த்தவர்களுக்கு மாதிரி கொஞ்சம் பளபளப்பாகத்தான் தெரியும், ஆனால் ஸ்ரீபெரும்புதூர்க்காரர் ஒருவர் தெலங்கானாவில் இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒரு மணி நேரம் தரலாம். நிழல் குறைவு, பதினொன்றிலிருந்து மூன்று வரை தரைக்கல்லில் கால் வைக்க முடியாது. பெட்டியைக் காரிலேயே வைத்துவிட்டு, அதே கேப்பைக் காத்திருக்கச் சொல்லி முன்கூட்டியே விலை பேசிவிடுங்கள். அங்கிருந்து புதிதாக வண்டி பிடிப்பது சிரமம்.