கல்லடியில் கையால் புத்தகம் கட்டப் பழகும் வகுப்பு

கல்லடியிலுள்ள சனசமூக நிலையமொன்றில் வார இறுதிகளில் நடைபெறும் இவ்வகுப்பை நான் மதிப்பதற்கு முதற்காரணம், அங்கே பசைக்கு முன் நூல்தையலைக் கற்பிக்கிறார்கள் என்பதே. முதுகில் பசை மட்டும் பூசி ஒட்டிய புத்தகங்கள் எங்கள் வாவிக்கரை ஈரத்தில் தாள் தாளாகக் கழன்றுவிடுவதை மட்டக்களப்பு வாசகர் எவரும் அறிவர். இங்கோ, நான்கு தாள்களை ஒன்றாக மடித்து 16 பக்க மடிப்பாக்கி, குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு தடவிய நூலால், முதுகின் குறுக்கே வைத்த நாடாக்களைச் சுற்றித் தைத்து, ஒவ்வொரு மடிப்பின் முனையிலும் கீழ்மடிப்பின் தையலோடு முடிச்சிட்ட பின்னரே பசைச்சட்டியைத் தொடவிடுகிறார்கள்.

தாளின் இழையோட்டத்தை, அதாவது அதன் நார்கள் ஓடும் திசையைப் பற்றிய பாடம் மிகச் சிறப்பானது. கடைகளில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலானவற்றின் இழை நீளவாட்டில் ஓடுவதால், அவற்றை நடுவில் மடித்தால் இழை முதுகுக்குக் குறுக்காக விழுகிறது. தாளோ ஈரம்பட்டால் இழைக்குக் குறுக்குத் திசையிலேயே அதிகம் விரியும் என்பதால், முதுகில் இறுகப் பிடிக்கப்பட்ட அத்தாள் விரிய வழியின்றி அலையலையாக நெளிகிறது. பெரிய தாளை வாங்கி, இழை முதுகோடு ஒத்து ஓடும்படி வெட்டுவதே இதற்கு வழி. ஒரு துண்டின் ஒரு பக்கத்தை நனைத்து, அது சுருளும் வாட்டத்தைக் கொண்டு இழையை அறியும் முறையை ஆசிரியை பொறுமையாகச் செய்து காட்டினார்.

கோதுமை மாப்பசையில் பூச்சி அரிக்காதிருக்கத் துரிசு (செப்புச் சல்பேற்று) சேர்க்கும் பழைய வழக்கத்தையும் அவர் விளக்கினார். அது நஞ்சு என்பதால் சிறுவர் இருக்கும் வீட்டில் தவிர்க்கச் சொன்னது பொறுப்பான அறிவுரை.

குறைகளும் உள்ளன. அழுத்துப்பொறி ஒன்றே இருப்பதால் ஈரம் உலராத புத்தகங்களை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோக நேர்கிறது, மட்டை வளைந்துவிடுகிறது. மாரி காலத்தில் இது இன்னும் மோசமாகும் என்பதால், நிலையத்தார் புத்தகங்களை இரவு முழுவதும் பலகைகளுக்கிடையில் பாரமேற்றி வைக்க இடம் ஒதுக்க வேண்டும். பழைய புத்தகங்களைச் செப்பனிடும் பாடம் இல்லாதது அதைவிடப் பெரிய குறை. 1978 சூறாவளியையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட இக்கரையில், நனைந்து எஞ்சிய ஏடுகளையும் குறிப்புக் கொப்பிகளையும் வைத்திருக்கும் குடும்பங்கள் முதலில் தேடி வரக்கூடியது அந்தப் பாடத்தைத்தான்.

நூல், ஊசி, மட்டை யாவும் கட்டணத்துக்குள் அடங்குகின்றன. பாடசாலை நூலகங்களைப் பராமரிக்கும் ஆசிரியர்கள் இவ்வகுப்பில் அவசியம் சேர வேண்டும். இயலுமாயின் மாரி தொடங்குமுன் சேர்வது நல்லது.