எச்சரிக்கை: ‘எல்லாம் நார்மல்’ என்று கேட்ட பிறகு நான் போய் விழுந்த இடம்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது. படித்த பத்தியையே மூன்று முறை படித்தேன். இரவில் படுத்தால் கால்களை அசைக்காமல் வைத்திருக்க முடியாது. உள்ளே ஏதோ ஊர்வதுபோல ஒரு தவிப்பு. மருத்துவர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைகளில் எல்லா எண்களும் ஒழுங்காக வந்தன. “எல்லாம் நார்மல்தான் அம்மா, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று ரிப்போர்ட்டை மடித்துக் கையில் கொடுத்தார். இதைக் கேட்டு வீடு திரும்பியவர்களுக்குத் தெரியும், அதில் நிம்மதி எதுவும் கிடையாது. நோயும் தீரவில்லை, நோய் இருக்கிறது என்று சொல்லும் உரிமையும் போய்விட்டது.

அந்த நிலையில்தான் ‘மூல காரணத்தைக் கண்டுபிடிக்கிறோம்’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. சாதாரண ஆய்வகங்கள் தவறவிடுவதைப் பிடிக்கும் சிறப்புப் பரிசோதனை மையமாம். பெயரை எழுதப் போவதில்லை. இதே கடையைப் பல பெயர்ப்பலகைகளில் பார்க்கலாம். முதல் சந்திப்பில் ஒன்றரை மணி நேரம் என் பேச்சைக் கேட்டார்கள். நடுவில் அழுதுவிட்டேன், டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் விற்ற சரக்கில் உருப்படியானது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான்.

நான்கு பரிசோதனைகள், ஒரே தொகுப்பு, முழுத் தொகையும் முன்பணம். என் மூன்று மாதச் சம்பளம் அதில் போனது. பிடரியில் முடியை ஒட்ட வெட்டி, ஒரு சிறு அட்டைத் தராசு சாயும்வரை குவித்து அனுப்பினேன். ஒரே நாளில் நான்கு வேளை நான்கு குழாய்களில் எச்சில் துப்பினேன். ஒரு காப்ஸ்யூலை விழுங்கிவிட்டு அடுத்துவந்த சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தேன். உணவு ஒவ்வாமைக்கென்று ரத்தமும் எடுத்தார்கள்.

வந்த ரிப்போர்ட் 46 பக்கம். பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள். 31 உணவுகள் சிவப்பில். உடலில் பாதரசமும் ஈயமும் ‘மிகை’. எச்சிலைப் பார்த்து, சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி ஓய்ந்துவிட்டது, ‘அட்ரீனல் களைப்பு’ என்றார்கள். முடியைப் பார்த்து இரும்புச்சத்து அளவுக்கு மேல் இருக்கிறது, இரும்பு மாத்திரையைத் தொடவே கூடாது என்றார்கள். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மேசையிலேயே ஒன்பது பாட்டில்களை எடுத்து வைத்தார்கள். பரிசோதிப்பவரே மாத்திரையும் விற்கும் இடத்தில் யாருக்காவது பச்சைப் பட்டை மட்டும் வந்த வரலாறு உண்டா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

முதல் இரண்டு வாரம் நன்றாக இருப்பதுபோலத்தான் இருந்தது. பணம் கட்டியவளுக்கு அப்படித்தான் இருக்கும். பிறகு பழைய களைப்பு திரும்பியது, சிவப்பில் வந்த உணவுகளை நிறுத்தியதில் கூடவே பசியும். ஐந்து மாதத்தில் ஆறு கிலோ குறைந்தேன். “நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். உடம்பு தேறினால் மருந்தின் வெற்றி, மோசமானால் நச்சு வெளியேறுகிறது. தோற்கவே வழியில்லாத வைத்தியம்!

ஒருநாள் படபடப்பு அதிகமாகி வேறொரு மருத்துவரிடம் போனேன். தைராய்டு பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அடிமட்டத்தில், தைராய்டு சுரக்கும் டி4 உச்சத்தில். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்போலத் தெரிகிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கியவர், பேனாவை நிறுத்திவிட்டு, “வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார். மறுநாள் ஒன்பது பாட்டில்களையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். ‘முடி, தோல், நகம்’ என்றிருந்த பாட்டிலில் நிறுத்தினார். பயோட்டின் என்ற பி வகை வைட்டமின், ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம். “ஒரு வாரம் இதை விட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள்.”

கொடுத்தேன். தைராய்டு சரியாகவே இருந்தது. எனக்கு அந்த நோயே இல்லை.

பல ஹார்மோன் பரிசோதனைகள் பயோட்டின் ஒட்டிக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்தித்தான் அளக்கின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி 2017-இல் எச்சரிக்கை வெளியிட்டது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவு இதனால் பொய்யாகக் குறைந்து வந்து ஒருவர் இறந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. ஆகவே ரத்தம் கொடுக்கும் முன் நீங்கள் சாப்பிடும் ‘வெறும் வைட்டமின்’களையும் சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகு அந்த மருத்துவர் கேட்ட கேள்வி இது: “மாதவிடாய் எத்தனை நாள்? நாப்கினை எத்தனை மணிக்கு ஒரு முறை மாற்றுகிறீர்கள்?” எட்டு நாள், முதல் மூன்று நாள் மணிக்கு ஒன்று என்றேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். உடலில் சேமித்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ஒரே ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். வந்த எண் 7. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே உடலில் இரும்பு இருப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஹீமோகுளோபின் மட்டும் 12.2 என்று சமர்த்தாக நார்மலில் நின்றிருந்தது. சேமிப்பைக் கரைத்து மாதச் செலவை ஓட்டும் குடும்பம்போல, இருப்பு காலியாகும் வரை உடம்பு ஹீமோகுளோபினைக் கீழே விடாது. வழக்கமான ரத்த அணுப் பரிசோதனையில் ஃபெரிட்டின் சேராது, தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். முதல் மருத்துவர் இதைத் தவறவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் என்னிடம் பாட்டில் விற்கவில்லை.

மூச்சு வாங்கியதும் கால் தவிப்பும் இரும்பு இல்லாமல்தான். முடியைப் பார்த்து ‘இரும்பு மிகை’ என்றவர்களின் பேச்சைக் கேட்டு அந்த இரும்பைத்தான் ஐந்து மாதம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

அந்தப் பரிசோதனைகளைப் பற்றி அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1985-இல் ஸ்டீபன் பாரெட் என்ற மருத்துவர் ஆரோக்கியமான இரண்டு பெண்களின் முடியை 13 ஆய்வகங்களுக்கு அனுப்பினார். ஒரே தலை முடிக்கு ஆளுக்கொரு எண் வந்தது. 2001-இல் வேறு ஆய்வாளர்கள் ஒருவரின் முடியை ஆறு ஆய்வகங்களுக்குப் பிரித்து அனுப்பியபோதும் அதே கதை. உணவு ஒவ்வாமைக்கென்று எடுத்த ரத்தத்தில் அவர்கள் பார்த்தது ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருளை. உணவுகளுக்கு அது இருந்தால், நீங்கள் அந்த உணவைச் சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அமெரிக்க, ஐரோப்பிய, கனடிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்புகள் மூன்றுமே இதை வைத்து உணவை விலக்க வேண்டாம் என்கின்றன. நான் தினமும் விரும்பிச் சாப்பிட்டவையெல்லாம் சிவப்பில் வந்த மர்மம் அப்படித்தான் விளங்கியது. அந்தக் காப்ஸ்யூல் உலோகங்களைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளும் மருந்து. அதை விழுங்கியவரின் சிறுநீரை விழுங்காதவர்களின் அளவோடு ஒப்பிட்டால் யாருக்கும் மிகை என்றுதான் வரும். ‘அட்ரீனல் களைப்பு’ என்று ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதே இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நார்மல் எல்லை என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுக்கப்படுகிறது. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகள் செய்தால், நோயே இல்லாதவருக்கும் குறைந்தது ஒன்றாவது எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. நூறு பரிசோதனை கொண்ட தொகுப்பில் சிவப்புப் பட்டை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அந்த ரிப்போர்ட் செய்த இன்னொரு கேடு தாமதமாகத்தான் தெரிந்தது. இரும்பு குடலில் உறிஞ்சப்படுகிறதா என்று பார்க்க, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் செலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்றார் மருத்துவர். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் அந்தப் பரிசோதனையை நம்ப முடியும். நானோ சிவப்புப் பட்டையைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். அதனால் ஆறு வாரம் தினமும் மறுபடி சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தேன். அந்த நோய் இல்லை என்று வந்தது. ஒரு வார வேலைக்கு ஒன்றரை மாதம்.

சிறப்புப் பரிசோதனை எல்லாமே ஏமாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தத்தில் தெரியாத தூக்க மூச்சுத்திணறலுக்கு உறக்க ஆய்வு வேண்டும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறவருக்குப் படுத்தும் நின்றும் பத்து நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுவதே பல நேரம் பெரிய துப்பு. வைட்டமின் பி12 எல்லைக்கோட்டில் நின்றால், பி12 குறையும்போது கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்தைப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சந்தேகம், அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் நம்மிடம் கேட்ட ஒரு கேள்வி இருக்கும். இதன் முடிவு என்ன வந்தால் என் சிகிச்சை மாறும் என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே தொகுப்பை நீட்டும் இடத்தில் பதில் வராது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள் நான் கையெழுத்திட்ட தாளை அனுப்பினார்கள். ‘இம்முடிவுகள் நோயறிதலுக்கு அல்ல, பொது நல்வாழ்வுத் தகவலுக்கு மட்டுமே’ என்று அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி. டிஷ்யூவோடு நீட்டிய தாள், படிக்கவில்லை.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு மாத்திரை. அதிக உதிரப்போக்குக்குத் தனிச் சிகிச்சையும் நடக்கிறது. ஏழாவது வாரத்திலிருந்து கால்கள் இரவில் அடங்கிக் கிடக்கின்றன. 46 பக்கத்தையும் அந்தத் தாளையும் ஃபெரிட்டின் ரிப்போர்ட்டையும் சேர்த்துத் தைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.