மலையகத்தில் கொங்கிரீட் தரை கிரைண்டர்: சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?

ஹட்டன் பக்கத்தில் வீட்டுத் தரைகளையும் கடைத் தரைகளையும் தேய்க்கும் வேலைக்கென நான் சாதாரண வீட்டு மின்சாரத்தில் ஓடும் சிங்கிள் பேஸ் இயந்திரத்தையே வாங்கினேன்; மறுபடியும் வாங்க நேர்ந்தாலும் அதையே வாங்குவேன். வேகத்திலும் எடையிலும், மூன்று பேஸ் கம்பிகளில் வரும் மின்சாரத்தில் ஓடும் த்ரீ பேஸ் இயந்திரமே மேல் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பெட்ரோல் இயந்திரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் அதன் வலுவில் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்துவிடும், நுவரெலியாவோ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் அதன் புகை உயிருக்கே ஆபத்து.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது, பழுது வந்தால் வேலைத்தளத்திலேயே சரிசெய்ய முடியுமா என்பதுதான். சிங்கிள் பேஸ் இயந்திரம் இழுக்காமல் திணறினால் பலரும் முதலில் தரையைத் தேய்க்கும் டயமண்ட் கட்டைகளைக் குறை சொல்வார்கள். அதற்கு முன் மீற்றரை இயந்திரத்தின் முனையில் வைத்து, அந்தக் கட்டைகள் பூட்டிய தலை தரையில் சுழலும்போதே வோல்டேஜைப் பாருங்கள். சும்மா நிற்கும்போது 230 காட்டுவது எதையும் நிரூபிக்காது. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு மாறுவதால், 230 வோல்ட் 207 ஆக இறங்கினால் விசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 3 குதிரைவலு மோட்டார் 13 அம்பியர் அளவில் இழுக்கும்போது, 50 மீட்டர் நீளமான 2.5 சதுர மில்லிமீட்டர் வயரே 12 வோல்ட் வரை தின்றுவிடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 7 வோல்ட்தான். வயரைச் சுருளிலிருந்து முழுவதும் அவிழ்த்துப் போட வேண்டும், சுருண்டிருந்தால் சூடேறும்.

சுவிட்சைப் போட்டதும் உறுமிவிட்டுச் சுழலாமல் நின்றால், மோட்டாரைத் தொடக்கிவிடும் கெப்பாசிட்டரையோ, வேகம் பிடித்ததும் அதைத் துண்டிக்கும், மோட்டாரின் பின்பக்கத்திலுள்ள சென்ரிபியூகல் சுவிட்சையோ சந்தேகிக்கலாம். பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரின் மின்னேற்றத்தை இறக்கிவிட்டுப் பின்மூடியைத் திறந்தால், தொடுமுனைகளுக்கிடையே மாவு போன்ற சீமெந்துத் தூள் படிந்திருப்பதைக் காணலாம். அதைத் துடைத்ததும் ஓடத் தொடங்கிய மோட்டார்கள் பல. கெப்பாசிட்டர் போயிருந்தாலும், மோட்டார் சுற்றும் எந்தக் கடையிலும் அதே அளவில் ஒன்று கிடைக்கும்.

த்ரீ பேஸ் இயந்திரம் எதிர்த்திசையில் சுழன்றால் இரண்டு வயர்களை மாற்றிவிட்டால் போதும். ஆனால் மழைக்காலத்தில் கிளை விழுந்து ஒரு பேஸ் மட்டும் போகும்போது, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காமல் மற்ற இரண்டு பேஸ்களில் மிகையான மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி எரிந்துவிடும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் பேஸ் பெயிலியர் ரிலே இல்லாமல் அதை ஓட்டவே கூடாது. லயன் வீடுகளிலும் சிறு கடைகளிலும் பெரும்பாலும் சிங்கிள் பேஸ் மட்டுமே இருப்பதால், ஜெனரேட்டரையும் ஏற்றிச் செல்ல நேரிடும்.

சிங்கிள் பேஸின் குறையையும் சொல்ல வேண்டும். தலையின் எடை குறைவென்பதால், கடினமான கொங்கிரீட்டில் டயமண்ட் கட்டைகள் சீக்கிரம் வழுவழுத்து வெட்டுவதை நிறுத்திவிடும். ஈரமணலைத் தூவிச் சிறிது நேரம் ஓட்டினால் அவை மீண்டும் முனை விடும். திரும்பத் திரும்ப அப்படியானால் மென்மையான பிணைப்புள்ள (டயமண்ட் துகள்களைப் பிடித்திருக்கும் உலோகம் சீக்கிரம் தேயும்) கட்டைகளுக்கு மாற வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலைபோல் பெரிய தளமும் த்ரீ பேஸ் இணைப்பும் உள்ள இடங்களில் என் பரிந்துரை பொருந்தாது. அங்கே வாடகைக்கு எடுத்த த்ரீ பேஸ் இயந்திரத்தையே நான் ஓட்டியிருக்கிறேன். வேலை விரைவாக முடிந்தது உண்மை, சொந்தமாக வைத்துப் பராமரித்த அனுபவம் எனக்கில்லை.