ஜாஸ் காலத்துப் பாரிஸ் நடன போஸ்டர்கள்: அசலா, ஆஃப்செட்டா, பிக்மென்ட் அச்சா?

1925இல் பாரிஸின் ஷான்ஸெலிசே அரங்கில் ஜோசஃபின் பேக்கர் ஆடிய 'ரெவ்யூ நேக்ர்' நிகழ்ச்சிக்குப் போல் கொலான் வரைந்த போஸ்டரைக் கறுப்பும் சிவப்பும்தான் ஆள்கின்றன. எதிர்ச்சாரியில் நடந்து போகிறவர் கண்ணிலும் பட வேண்டும் என்று வரைந்தது. அதனால் நுணுக்கமான நிழல் வேலை கிடையாது, பெரிய பெரிய நிறப் பரப்புகள்தான். வீட்டுச் சுவருக்கு அச்சு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கறுப்பு கொஞ்சம் வெளுத்திருந்தால்கூட இந்தப் படங்களில் அதை மறைக்க இடமே இல்லை.

அசல் லித்தோ

அன்றைய பாரிஸ் போஸ்டர்களின் பெரிய அளவு 120×160 செ.மீ.; 40×60 அளவிலும் அடித்தார்கள். லித்தோ என்றால் கல்லச்சு. கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக வரைந்து அச்சிட்டதால், மை கெட்டியாக, ஒரே பரப்பாகப் படிந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கையடக்க உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தால் நிழல் பகுதிகளில் கிரேயான் உரசியது போன்ற, வரிசையில்லாத பொரிப்பொரியான மை தெரியும். பூ இதழ் மாதிரி வட்டமாக அடுக்கிய நான்கு நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் நகல், அதாவது புத்தகம், பத்திரிகை அடிக்கும் இயந்திர அச்சில் எடுத்தது. விற்பவர் என்ன சொன்னாலும் சரி, அசல் விலை கொடுக்காதீர்கள்.

மடிப்புக் கோடுகளைப் பார்த்துத் தயங்க வேண்டாம். அந்தக் காலத்தில் மடித்துத்தான் வைத்தார்கள். பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். கோதுமை மாவுப் பசையில் துணியோடு ஒட்டியிருந்தால் நல்லது, தேவைப்பட்டால் பிரித்தெடுக்கலாம். சூடு வைத்து அட்டையில் ஒட்டியிருந்தால் பிரிப்பது மிகக் கடினம். எடையையும் யோசிக்க வேண்டும்: 120×160 பிரேமுக்கு 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே 14 கிலோவைத் தாண்டும். அதே தடிமன் அக்ரிலிக் ஏழு கிலோவுக்குள் அடங்கிவிடும்.

ஆஃப்செட் போஸ்டர்

விலை குறைவு. பளபளப்புத் தாளில் ஜன்னல் வெளிச்சம் அடித்தால் படத்துக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும். வெயில் படும் சுவரில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுத்து, படம் நீலம் பாய்ந்துபோகும். சில மாத அலங்காரத்துக்குப் போதும்.

பருத்தித் தாளில் பிக்மென்ட் அச்சு

பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் என் தேர்வு. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, பளபளப்பில்லாத மேட் பருத்தித் தாளில் பிக்மென்ட் மை (நுண்ணிய நிறப்பொடி கலந்த இங்க்ஜெட் மை) பிடிக்கும் கறுப்புக்கு, பழைய லித்தோவின் வெல்வெட் கறுப்பை நெருங்கும் தன்மை உண்டு. ஆனால் சறுக்குகிற இடங்கள் மூன்று.

முதலாவது, அச்சுக்குக் கொடுக்கும் டிஜிட்டல் படக் கோப்பு. 60×80 செ.மீ. அச்சுக்குக் குறைந்தது 3543×4724 பிக்சல் வேண்டும். அது அங்குலத்துக்கு 150. அதற்குக் கீழே போனால் எழுத்துகளின் ஓரம் மசமசக்கும். இரண்டாவது, தாளின் நிறம். பழைய காகிதத்தின் பழுப்பு ஸ்கேனிலேயே இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் பழுப்பு சாயல் கொண்ட தாளில் அடித்தால் பழுப்பு இரட்டித்து, படம் மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி ஆகிவிடும். முழு அச்சுக்கு முன் கறுப்பு, சிவப்பு, பின்னணி மூன்றும் வரும்படி பத்து செ.மீ. துண்டு ஒன்றை அடித்து வாங்கி, மாட்டப் போகும் சுவரிலேயே வைத்துப் பாருங்கள். மூன்றாவது, மேட் கறுப்பு ரொம்பச் சொரணையுள்ளது. நகம் லேசாக இழுபட்டாலே வெளிறிய கோடு விழும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால்தான் தட்ட வேண்டும்.

இதே கோப்பைக் கேன்வாஸில் அடித்துத் தரலாமா என்று கடைக்காரர் கேட்பார். வேண்டாம். நெசவு எழுத்துகளின் கூர்மையைத் தின்றுவிடும். சட்டத்தைச் சுற்றி மடிக்க நாலு பக்கமும் மூன்று நான்கு செ.மீ. போவதால், ஓரம் வரை நீளும் அரங்கின் பெயரே பக்கவாட்டில் போய்விடும்.

கொலானா, ஜெஸ்மாரா?

கோப்பை எடுத்து நீங்களே அச்சிடுவதாக இருந்தால் ஷார்ல் ஜெஸ்மார்தான் வசதி. மூலான் ரூஜ், காசினோ த பாரி மேடைகளின் நட்சத்திரம் மிஸ்தங்கெட்டுக்கு இறகும் நகையுமாகப் போஸ்டர் வரைந்தவர். 1928இல் 27 வயதிலேயே இறந்துவிட்டார், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. கொலான் 1985 வரை வாழ்ந்தார். இந்தியச் சட்டப்படி அவர் படங்களுக்கு 2045 முடியும் வரையும், பிரான்ஸில் 2055 முடியும் வரையும் உரிமை இருக்கிறது. அவரை உரிமம் பெற்ற பதிப்பாகத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1925 போஸ்டரில் பேக்கரோடு வரும் இரண்டு கறுப்பு ஆண்களின் முகங்கள் தடித்த சிவந்த உதடுகளோடு வரைந்த இனக் கேலிச்சித்திரங்கள். வரலாற்றில் அந்தப் போஸ்டருக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் தினம் சாப்பிட உட்காரும் இடத்தில், பக்கத்தில் விளக்கம் எதுவும் இல்லாமல் அதை மாட்டுவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. 1920களின் கடைசியில் கொலான் போட்ட 'த்யுமுல்த் நுவார்' தொகுப்பிலும் கேலிச்சித்திரங்கள் உண்டு. ஆனால் பேக்கரின் ஆட்டத்தைச் சில கோடுகளில் பிடித்த தாள்களும் இருக்கின்றன, தேடி எடுங்கள். அவை கையில் எடுத்துப் பார்ப்பதற்கென்று செய்த சிறிய லித்தோக்கள். ஸ்டென்சில் வைத்துக் கையால் நிறமேற்றியவை. அவற்றைப் போஸ்டர் அளவுக்கு ஊதினால் கோடு சொதசொதவென்று ஆகும். அசல் அளவிலேயே இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால்தான் அழகு.

பிரேம் போடும்போது

தாளின் நாலு பக்கத்தையும் ஒட்ட விடாதீர்கள். மழைக்காலத்தில் தாள் விரியும். விரிய இடமில்லாவிட்டால் நடுவில் அலை எழும்பும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானியத் தாள் துண்டும் மாவுப் பசையும் போதும். டபுள் சைடு டேப்பின் பசை நாளடைவில் மஞ்சளாக ஊறி முன்பக்கம் வரை வரும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள், அமிலமில்லாத மவுன்ட் அட்டையே அதைக் கொடுத்துவிடும். வெளிச்சுவராக இருந்தால் பிரேமின் கீழ் மூலைகளில் பின்பக்கம் ரப்பர் குமிழ் ஒட்டிக் காற்றுப் போக வழி விடுங்கள். இல்லையென்றால் சுவரின் ஈரம் முதலில் பின் அட்டையில் பூஞ்சையாகப் பிடிக்கும்.