க்ளாப் அடிப்பதா, இன்ஸ்டிட்யூட்டா, குறும்படமா?

"அண்ணே, யார்கிட்டயாவது அசிஸ்டென்ட்டா சேரணுமா, இல்ல ஷார்ட் ஃபிலிம் எடுத்தாலே போதுமா?" டைரக்டர் ஆக ஆசைப்பட்டுச் சென்னைக்கு வரும் தம்பிகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நான் ஆறு வருடம் உதவி இயக்குநராக இருந்தவன். என் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோடம்பாக்கத்தின் பழைய வழி உதவி இயக்குநர் வழி. கன்னட இயக்குநர் புட்டண்ணா கணகாலிடம் பாரதிராஜா, அவரிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பாண்டியராஜன், பார்த்திபன் என்று ஒரு கிளை. பாலு மகேந்திராவிடம் பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று இன்னொன்று. இங்கே பாடம் யாரும் நடத்தமாட்டார்கள், தப்பு செய்துதான் படிக்க வேண்டும். என் முதல் ஷெட்யூலில் எனக்குக் கன்டினியூட்டி வேலை, அதாவது ஒரு ஷாட்டில் இருப்பது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஹீரோ டீக்கடையில் உட்கார்ந்து பேசும் சீன். முழுக் காட்சியும் தெரியும் மாஸ்டர் ஷாட்டைக் காலையில் எடுத்தோம், க்ளோசப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகு. சட்டைப் பட்டன், மடித்த கை, எந்தக் கையில் கிளாஸ், எல்லாம் நோட்டில் இருக்கிறது. கிளாஸில் டீ எவ்வளவு இருந்தது என்பது மட்டும் இல்லை. எடிட்டிங்கில் பார்த்தால், பாதி குடித்த கிளாஸ் அடுத்த ஷாட்டிலேயே தளும்பத் தளும்ப நிற்கிறது. டைரக்டர் திட்டவில்லை. அந்த ஒரு இடத்தை நாலு முறை ஓட்டிக் காட்டினார், அவ்வளவுதான். காட்சியை ஏன் இப்படி ஷாட் பிரிக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்த அளவுக்கு எந்தப் புத்தகத்திலும் எனக்குப் புரிந்ததில்லை.

இதில் காசு கிடையாது. ஷூட்டிங் நடந்தால் பேட்டா என்று தினப்படி, நடக்காத மாதங்களில் வளசரவாக்கத்து அறை வாடகைக்கு ஊரிலிருந்துதான் பணம் வர வேண்டும். அதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு: வேலை தெரிந்த அசோசியேட்டை, அதாவது மூத்த உதவியாளரை, எந்த டைரக்டரும் லேசில் விடமாட்டார். "அடுத்த படம் முடிச்சிட்டுப் போடா" என்பார். அதுவும் பாசத்தோடுதான் சொல்வார். இப்படியே பத்து வருடம் ஓடி, சொந்தக் கதை முதல் பாதியைத் தாண்டாமல் கிடக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

இன்ஸ்டிட்யூட் பக்கம் வருவோம். புனே திரைப்படக் கல்லூரியில் இயக்கத்துக்கு மூன்று வருடப் படிப்பு, நுழைவுத்தேர்வு உண்டு. நம் ஊரில் தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. லென்ஸ், ஒலி, உலக சினிமா எல்லாம் அங்கே முறையாகக் கிடைக்கும். ஆனால் உண்மையான சொத்து கூடப் படிக்கிறவன்தான். உங்கள் கேமராமேனும் எடிட்டரும் பக்கத்து அறையிலேயே இருப்பார்கள். ஆபாவாணன், அரவிந்த்ராஜ் கூட்டணி 1986-ல் 'ஊமை விழிகள்' எடுத்தது அப்படித்தான். இன்ஸ்டிட்யூட் பையன்களுக்குத் தியேட்டரில் கூட்டம் சேர்க்கத் தெரியாது என்ற பேச்சு அதோடு அடங்கியது. இன்னொன்றும் கவனிக்கலாம்: பாலு மகேந்திராவே புனேயில் ஒளிப்பதிவு படித்தவர். அந்தப் பட்டறையின் வேர் ஒரு கல்லூரியில்தான் இருக்கிறது. இருந்தாலும் படித்து முடித்தவர்களில் நிறையப் பேர் கடைசியில் யாரிடமாவது க்ளாப் போர்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் கல்லூரி என்றால், மாணவன் கையில் கேமரா வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

குறும்பட வழி 2010-ஐ ஒட்டித் திறந்தது. கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி மேடையிலிருந்து கார்த்திக் சுப்புராஜ் 2012-லும் நலன் குமாரசாமி 2013-லும் முதல் படம் கொடுத்தார்கள். பிரதீப் ரங்கநாதன் தன் குறும்படம் ஒன்றையே பெரிதாக்கி 2022-ல் 'லவ் டுடே' எடுத்தார். இதில் பெரிய வசதி, தயாரிப்பாளர் எதையும் கற்பனை செய்து பார்க்க வேண்டாம். லிங்க்கைத் தட்டினால் போதும். ஆனால் பத்து நிமிடப் படத்துக்கு இன்டர்வெல் கிடையாது. கடைசித் திருப்பம் ஒன்று அமைந்தால் கைதட்டல் வாங்கிவிடலாம். இரண்டேகால் மணி நேரத்துக்கு அது தாங்காது. குறும்படத்திலிருந்து வந்தவர்களின் முதல் படத்தில் பெரும்பாலும் செகண்ட் ஹாஃப் தடுமாறுவது இதனால்தான் என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில் யாராவது மணிரத்னத்தை இழுப்பார்கள். அவர் யாரிடமும் உதவியாளராக இருந்ததில்லை, படித்தது எம்.பி.ஏ., எல்லாம் சரி. அப்பா பட விநியோகத்தில் இருந்தவர் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

எந்த வழியில் வந்தாலும் நுழைய வேண்டிய கதவு ஒன்றுதான்: கதை சொல்வது. ஹீரோ எதிரில் இரண்டு மணி நேரம், நடுவே அவர் போன் நாலு தடவை அடிக்கும். இன்ஸ்டிட்யூட் பையன் "கேமரா மெதுவா உள்ள போகுது சார்" என்று ஆரம்பிப்பான். "சரிப்பா, நான் எங்க வர்றேன்?" என்பார் அவர். குறும்படப் பையன் பத்தாவது நிமிடத்தில் மூச்சு வாங்குவான். கதை டிஸ்கஷனில் நூறு சீன் சொல்லி, தொண்ணூற்றைத் தூக்கிப் போட்டதைப் பார்த்த அசிஸ்டென்ட்டுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். என் ஓட்டு அவனுக்குத்தான்.

அதனால் தம்பிகளிடம் நான் சொல்வது: இருக்கிற பணத்தில் ஒரு குறும்படம் எடு. அதைக் காட்டி ஒரு டைரக்டரிடம் சேர். இரண்டு படம், டிஸ்கஷன் முதல் ரிலீஸ் வரை இரு, மூன்றாவதுக்கு நிற்காதே. சேரப் போகும்போது உன் கதையை எடுத்துப் போகாதே. அவரிடம் ஏற்கெனவே நாலு கதை இருக்கும். அவர் கடைசியாக எடுத்த படத்தில் உனக்கு ஒட்டாத ஒரு சீனை வேறு மாதிரி எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போ. அவராகக் கேட்டால் மட்டும் எடு.