ஆபா எண்: சென்னை ஆஸ்பத்திரிகளில் நீண்ட காலம் பயன்படுத்தியதில் தெரிந்தவை

அரசின் சுகாதாரக் கணக்கான ஆபா (ABHA) எண் எடுத்தால் நம் வியாதியெல்லாம் டெல்லியில் ஒரே கம்ப்யூட்டரில் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் ஓ.பி. வரிசையில் அடிக்கடி காதில் விழும். நீண்ட காலம் பயன்படுத்திப் பார்த்ததில் சொல்கிறோம்: பயப்பட வேண்டியது நிஜம்தான், ஆனால் இடம் வேறு.

ஆபா என்பது பல ஆஸ்பத்திரிகளில் உள்ள நம் பதிவுகளை ஒரே கணக்கில் இணைக்கும் 14 இலக்க எண். 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் வருவது. லேப் ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அதை எழுதிய ஆஸ்பத்திரியின் சர்வரிலேயே இருக்கும். மத்திய சர்வரில் இருப்பது பெயர், பிறந்த தேதி, முகவரி, மொபைல் எண், எந்த ஆஸ்பத்திரியின் பதிவு நம் கணக்கோடு இணைந்திருக்கிறது என்ற பட்டியல். அந்தப் பட்டியலை லேசாக நினைக்கக் கூடாது. தாம்பரம் சானடோரியம் (காசநோய் மருத்துவமனை), கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்று பெயர் வந்தாலே போதும், உள்ளே இருக்கும் ரிப்போர்ட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் எல்லாவற்றையும் இணைத்துவிடாதீர்கள். எதை இணைப்பது என்பது நம் விருப்பம்.

உண்மையிலேயே பயன்படுவது ஓ.பி. டோக்கன். கவுண்ட்டர் அருகே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஆபா செயலியில் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, பாலினம், முகவரி, மொபைல் எண், ஆபா எண் போன்ற அடிப்படை விவரங்கள் மட்டும் போகும், டோக்கன் எண் போனில் வரும். பழைய ரிப்போர்ட் எதுவும் இதில் போகாது. இதற்காக மட்டுமே ஆபா வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

சிக்கல் ஓடிபியில் தொடங்குகிறது. கூட்டம் நெரியும் கவுண்ட்டரில் ஊழியர் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் வாங்கி, சம்மதக் கட்டத்தை அவரே டிக் செய்து கணக்குத் திறந்துவிடுவார். சம்மதம் கொடுத்தது யார் என்று பார்த்தால் நோயாளி இல்லை. வீட்டிலேயே உட்கார்ந்து அரசு இணையதளத்தில் நாமே உருவாக்குவதுதான் சரி. ஆபா முகவரி (லாகின் பெயர் போன்றது) கேட்கும்போது பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த ஒன்றை அதுவாகவே பரிந்துரைக்கும். அதை விட்டுவிட்டு, ஆளை அடையாளம் காட்டாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உருவாக்கிய பிறகு ஆதார் தளத்தில் அங்கீகார வரலாற்றைத் திறந்தால், ஆதார் எப்போது பயன்பட்டது என்று தெரியும். நமக்குத் தெரியாத ஒரு வரி இருந்தால் அப்போதே கண்ணில் படும்.

ரிப்போர்ட் இணையாமல் போவதற்கு நம் ஊரில் முக்கியக் காரணம் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், ஓ.பி. சீட்டில் முன்னால், லேபில் இனிஷியலே இல்லை. இன்னொன்று மொபைல் எண்: அம்மாவின் ஓ.பி. சீட்டில் மகனின் நம்பர் இருக்கும். பெயர், பாலினம், பிறந்த வருடம், மொபைல் எண் பொருந்தினால்தான் கணினி பழைய பதிவைக் கண்டுபிடிக்கும். பதிவு செய்யும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரையும் நோயாளியின் சொந்த நம்பரையும் கொடுங்கள். ஒரே நம்பரில் குடும்பமே இருந்தால், போனைக் கையில் வைத்திருப்பவர் எல்லார் ரிப்போர்ட்டையும் பார்க்க வழி உண்டு. மகப்பேறு, மனநலம், எச்.ஐ.வி. விஷயங்களில் வீட்டுக்குள்ளிருந்தே வரும் இந்த ஆபத்தை யாரும் பேசுவதில்லை.

மருத்துவர் ரிப்போர்ட் கேட்டால் செயலியில் கோரிக்கை வரும். உடனே சம்மதம் அழுத்தாமல் நான்கைப் பாருங்கள்: நோக்கம், ரிப்போர்ட் வகை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சம்மதம் எப்போது முடியும். தோல் டாக்டருக்குப் பத்து வருட டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டாம். தேதியைச் சுருக்கி, சம்மதம் மறுநாளே முடியும்படி வையுங்கள். பிறகு சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், ஆனால் அது இனிமேல் எடுப்பதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே எடுத்த பிரதியை அவர்கள் காலக்கெடுவில் அழிக்க வேண்டும் என்பது விதி. அழித்தார்களா என்று நம் திரையில் பார்க்க முடியாது. எங்களுக்கு இதுதான் பெரிய குறை.

சட்டம் எந்த அளவுக்குக் காக்கும்? 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவத் தகவலுக்குத் தனிப் பிரிவு கிடையாது. அரசு மானியமோ சேவையோ தரும்போது சில நிலைகளில் சம்மதமின்றியே தகவலைக் கையாளலாம். மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக விலக்கும் உண்டு. மனநலம், எச்.ஐ.வி. இரண்டுக்கும் 2017-இல் வந்த தனிச் சட்டங்களில் ரகசியப் பாதுகாப்பு இதைவிடத் தெளிவாக இருக்கிறது.

ஆபாவை மட்டும் மறுத்துவிட்டால் அரசு கையில் எதுவும் போகாது என்பதும் சரியில்லை. முதலமைச்சர் காப்பீட்டில் அறுவை சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்க, ஸ்கேனும் ரிப்போர்ட்டும் காப்பீட்டுத் தரப்புக்கு ஏற்றப்படும். கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவு தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழோடு பின்னிக்கிடக்கிறது, அங்கே விருப்பம் என்ற பேச்சே இல்லை. ஆபா அப்படி இல்லை, அது இல்லாததால் சிகிச்சை மறுக்கக் கூடாது என்று திட்டத்தின் கொள்கையே சொல்கிறது. கவுண்ட்டரில் கட்டாயம் என்றால் இதை எடுத்துச் சொல்லலாம்.

செயலியை நம்பிக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை. எழுத்தில் கேட்டு, ஜெராக்ஸ் வாங்கி வையுங்கள்.

கணக்கு வேண்டாமென்றால் இரண்டு வழி: முடக்கினால் பிறகு திரும்ப இயக்கலாம், நீக்கினால் அந்த எண் போய்விடும். எதைச் செய்தாலும் ஆஸ்பத்திரியின் சர்வரில் இருக்கும் ரிப்போர்ட் அங்கேயே இருக்கும்.