ஹௌட்டனா, டேவிஸா, யாழ்ப்பாணமா: சைக்கிளுக்கு ஏற்ற சின்ன ஊர் எது?

சைக்கிளுக்கு ஏற்ற ஊர் என்றதும் ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன் என்று பெரிய நகரங்களுக்கே பேச்சு போய்விடுகிறது. பெரிய நகரத்தில் டிராம், மெட்ரோ, பார்க்கிங் கட்டணம் என்று காரை நெருக்க ஆயிரம் வழி உண்டு. ஐம்பதாயிரம், அறுபதாயிரம் பேர் இருக்கிற ஊரில் அதெல்லாம் கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்று நாலு கிலோமீட்டர்தான், ஆனாலும் கறிவேப்பிலை வாங்கக்கூட வண்டியைத்தான் எடுக்கிறோம். அதனால் ஒப்பிடுவதானால் சின்ன ஊர்களை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். நான் எடுத்துக்கொள்வது மூன்று: நெதர்லாந்தில் ஹௌட்டன், கலிபோர்னியாவில் டேவிஸ், இலங்கையில் யாழ்ப்பாணம். மூன்றும் தட்டையான நிலம். ஆனால் ஒன்று வரைபடத்தால் சைக்கிள் ஊரானது, ஒன்று தேர்தலால், ஒன்று வேறு வழியில்லாததால்.

ஹௌட்டனை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் யோசனை என்ற அளவில் அதுதான் மூன்றிலும் கூர்மையானது. 1960களில் யூட்ரெக்ட் நகரத்தை ஒட்டிய சில ஆயிரம் பேர் வாழ்ந்த கிராமம் அது. யூட்ரெக்டில் இடம் போதாமல் இதைப் பெருக்க முடிவு செய்தபோது, ராப் டெர்க்ஸ் என்ற வடிவமைப்பாளர் ஒரு திட்டம் வரைந்தார். ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை. உள்ளே தனித்தனிக் குடியிருப்புப் பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் கார் போகலாம், ஆனால் ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளியே வட்டச் சாலைக்கு வந்து, சுற்றி, மறுபடி உள்ளே நுழைய வேண்டும். சைக்கிளில் போகிறவருக்கோ நடுவில் பசுமையான நேர்வழி. பள்ளிகளையும் பொதுக் கட்டடங்களையும் பெரும்பாலும் அந்தச் சைக்கிள் பாதையை ஒட்டியே வைத்தார்கள். ரயில் நிலையம் ஊர் நடுவில். நிலையத்துக்கு அடியில் சுமார் 3,000 சைக்கிள் நிறுத்துகிற இடம், அங்கிருந்து படியேறினால் பிளாட்பாரம்.

இதில் கவனிக்க வேண்டியது, காரை யாரும் தடை செய்யவில்லை என்பது. ஹௌட்டன்காரர்கள் கார் வைத்திருக்கிறார்கள், யூட்ரெக்டுக்கோ அதைத் தாண்டியோ போக ஓட்டவும் செய்கிறார்கள். ஊருக்குள் மட்டும் கார் சுற்றுவழி, சைக்கிள் குறுக்குவழி, அவ்வளவுதான். சுற்றுச்சூழல், உடற்பயிற்சி என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சோம்பேறிகூட சைக்கிளைத்தான் எடுப்பார். நெதர்லாந்தின் சைக்கிள் ஓட்டுநர் சங்கம் 2008இல் ஹௌட்டனை நாட்டின் சிறந்த சைக்கிள் நகரமாகத் தேர்ந்தெடுத்தது, பத்து வருஷம் கழித்து மறுபடியும். ஊர் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது என்ற குறை உண்டு, படங்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

டேவிஸ் கதை இதற்கு நேர் எதிர். வீதிகள் ஏற்கெனவே இருந்தன, அமெரிக்க வழக்கப்படி அகலமாக. 1960களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் பெருக்க ஆரம்பித்தபோது, அதன் தலைவர் எமில் ம்ராக் புதிய மாணவர்களை சைக்கிளோடு வரச் சொன்னார், வளாகத்தின் நடுப்பகுதியில் கார் நுழைவதும் நின்றது. அதே சமயத்தில், நெதர்லாந்தில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பிய பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் சைல்டும் மனைவி ஈவும் ஊருக்குள்ளும் சைக்கிள் தடம் வேண்டும் என்று கிளம்பினார்கள். நகரசபை முதலில் காது கொடுக்கவில்லை. 1966 நகரசபைத் தேர்தலில் இதையே விஷயமாக்கி, சைக்கிள் பக்கம் நின்றவர்கள் ஜெயித்தார்கள். மாநிலச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. 1967இல் அமெரிக்காவின் முதல் சைக்கிள் தடங்கள் அங்கே வந்தன. இன்றைக்கும் நகரத்தின் சின்னத்தில் இருப்பது ஒரு பழைய காலத்துப் பெரிய சக்கர சைக்கிள்.

ஆனால் டேவிஸ் செய்ததில் பெரும்பகுதி பெயின்ட். காருக்கான நேர்வழி அப்படியே இருந்தது, பக்கத்தில் சைக்கிளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. இது எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஊரின் கணக்கே சாட்சி: 1980இல் வேலைக்குப் போகிறவர்களில் 28 சதவீதம் பேர் சைக்கிளில் போனார்கள், 2000இல் அது சுமார் 14. தடங்கள் எங்கும் போய்விடவில்லை, இன்னும் கூடத்தான் செய்தன. மாறியது ஆட்களும் வேலையும். பக்கத்து சாக்ரமென்டோவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியேறினார்கள், மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு பஸ் பயணமும் சேர்ந்து கிடைத்தது. பிறகு எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது, அது வேறு விஷயம். நான் டேவிஸை மட்டம் தட்டவில்லை. இருக்கிற ஊரை இடிக்காமல், சில வருஷத்துக்குள், குறைந்த காசில் இவ்வளவு செய்தது பெரிய விஷயம். அமெரிக்காவுக்குள் வைத்துப் பார்த்தால் இன்றும் அது முன்வரிசைதான்.

டேவிஸிடம் நான் மெச்சுகிற இன்னொன்று, 1970களில் அங்கே எழுந்த வில்லேஜ் ஹோம்ஸ் குடியிருப்பு. வீதிகளைக் குறுக்கி, மரங்களின் நிழலில் வைத்து, வீடுகளின் முகத்தை நடைபாதை, சைக்கிள் பாதை பக்கம் திருப்பினார்கள். டேவிஸ் கோடையில் 38 டிகிரி சகஜம். வெயிலால் நம்மூரில் சைக்கிள் ஓட்ட முடியாது என்பவர்கள் முதலில் மரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுத்து யாழ்ப்பாணம். இங்கே திட்டமும் இல்லை, தேர்தலும் இல்லை. 1990இல் போர் மறுபடி மூண்ட பிறகு பொருளாதாரத் தடை, பெட்ரோல் கிடையாது, மின்சாரம் கிடையாது. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், அதுவும் கிடைத்தால்தான். மற்றதெல்லாம் சைக்கிள்: விறகு, வாழைக்குலை, மூட்டை, நோயாளி, குடும்பம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். வேலிகளுக்கு நடுவே வளைந்து போகிற ஒழுங்கைகள், அதாவது சந்துகள், யாரும் வரையாமலே சைக்கிள் பாதைகளாக வேலை செய்தன. பெண்கள், வாத்தியார்கள், பெரிய உத்தியோகத்தர்கள் என்று எல்லோரும் ஓட்டியதால் சைக்கிள் ஏழையின் வண்டி என்ற எண்ணமும் அங்கே ஒட்டவில்லை. இதைத்தான் நான் மூன்று ஊர்களிலும் பெரிய சாதனை என்பேன், அதற்குக் கொடுத்த விலையை யாரும் விரும்பிக் கொடுக்கவில்லை என்றாலும்.

2009இல் போர் முடிந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 சாலை திறந்ததும், லீசிங்கில், அதாவது மாதத் தவணையில், மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. அதே ஒழுங்கையில் சைக்கிள் போகிற இடத்தில் எல்லாம் மோட்டார் சைக்கிளும் போகும், மூன்று மடங்கு வேகத்தில். சைக்கிளுக்கென்று தனியாகக் காப்பாற்றிக்கொள்ள எதுவும் கட்டப்படவில்லை. 2022இல் பெட்ரோல் வரிசை நீண்டபோது இலங்கை முழுக்க சைக்கிள் திரும்பி வந்தது, பெட்ரோல் வந்ததும் மறுபடி ஓரம்கட்டப்பட்டது.

யாழ்ப்பாணத்தை இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவந்ததற்குக் காரணமே இந்த மோட்டார் சைக்கிள்தான். ஹௌட்டனில் ஒரு கம்பத்தை நட்டால் கார் நின்றுவிடும், சைக்கிள் போய்விடும், வேலை முடிந்தது. நம்மூரில் கம்பம் நட்டால் ஆட்டோ நிற்கும், ஆக்டிவா ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே போகும். ஸ்கூட்டர் நுழைய முடியாத மாதிரி வளைத்து வளைத்துக் கம்பி போட்டால் பால் கேன் கட்டிய சைக்கிளும் நுழையாது. இது நம் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம்: நெதர்லாந்திலேயே சைக்கிள் பாதைகளில் மொபெட்கள் தொல்லையாகி, ஆம்ஸ்டர்டாம் 2019இல் அவற்றைப் பெருமளவு கார் போகிற சாலைக்குத் தள்ளியது. அங்கே சட்டத்தால் தள்ளினார்கள், தள்ள ஆளும் இருந்தது.

சரி, நம் ஊருக்கு எது? சிதம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன், அதில் மூன்று ஊரின் சாயலும் இருக்கிறது. டெல்டா, ஏற்றம் என்று ஒன்றும் கிடையாது. டேவிஸ் மாதிரி ஒரு பல்கலைக்கழகம், விடுதி விடுதியாக மாணவர்கள். ஹௌட்டன் மாதிரி நடக்கும் தூரத்தில் ரயில் நிலையம், கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகள், அதாவது வட்டச் சாலை ஏற்கெனவே போட்டாயிற்று. யாழ்ப்பாணம் மாதிரி சந்துகள், இரு சக்கர வாகனங்கள்.

வெள்ளைக்கோடு போடுகிற டேவிஸ் வழியை இங்கே நான் கடைசியில்தான் வைப்பேன். கோடு காய்வதற்குள் அதன் மேல் பழவண்டி நிற்கும், பக்கத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும், படம் எடுத்துத் திட்ட மட்டும்தான் அது உதவும். டேவிஸிடமிருந்து எடுக்க வேண்டியது ம்ராக் செய்ததை: அட்மிஷன் போடும்போதே சைக்கிளோடு வரச் சொல்வது, வளாகத்துக்குள் மோட்டாரை நிறுத்துவது. இதற்கு நகராட்சி தேவையில்லை, ஒரு நிர்வாகம் மனசு வைத்தால் போதும்.

ஹௌட்டன் வழியில் பாதிதான் நடக்கும், ஆனால் அந்தப் பாதியே பெரிது. கார், வேன், ஆட்டோ எல்லாம் தேர் வீதிகளில் ஒரே திசையில் சுற்றட்டும், உள்ளே இருக்கிற சன்னதி வீதிகளிலும் சந்துகளிலும் குறுக்கே பாய முடியாமல் இருக்கட்டும். ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடுகிற நாளில் அந்த வீதிகளில் போக்குவரத்தை நிறுத்தத் தெரிகிறது, ஆகவே, நடக்காது என்று சொல்ல முடியாது. பழைய ஊரிலும் இது நடக்கும் என்பதற்கு நெதர்லாந்தின் க்ரோனிங்கன் சாட்சி: 1977இல் நகர மையத்தை நான்காகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாமல் செய்தார்கள், வியாபாரிகள் கொதித்தார்கள், ஆனாலும் திட்டம் நிலைத்தது. ஸ்கூட்டரை அப்படி நிறுத்த முடியாது, வேகத்தைத்தான் குறைக்க முடியும்: கல் பாவிய தரை, சந்திப்புகளில் மேடாக்கிய தளம், குறுகலான நுழைவு. இருபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ஸ்கூட்டரோடு பத்து வயதுப் பிள்ளை சைக்கிள் ஓட்டிவிடும், ஐம்பதில் வருகிறதோடு முடியாது.

யாழ்ப்பாணத்திடமிருந்து எடுக்க வேண்டியது பஞ்சர் கடை. தமிழ்நாட்டில் 2001இலிருந்து பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் தருகிறது, முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு, அப்புறம் மற்றவர்களுக்கும். வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது, பஞ்சர் ஒட்டி, மணிக்கணக்கில் வாடகைக்கும் விட்ட தெருமுனைச் சைக்கிள் கடைதான் காணாமல் போய்விட்டது. ரயில் நிலைய ஸ்டாண்டில் பைக்குக்கு நிழலும் சைக்கிளுக்கு வெயிலும் கிடைப்பதை மாற்ற, ஒரு தகரக் கூரையும் குறைந்த டோக்கன் கட்டணமும் போதும். பெரிய திட்டத்துக்குக் காசு வரும் என்று காத்திருக்கிற நகராட்சி இந்த இரண்டையும் இந்த வருஷமே செய்யலாம்.